குன்ஜி யூபின்: தமிழில் படையஞ்சல்

பழைய ஜப்பானிய அஞ்சலட்டைகளைச் சேகரிப்பவர்களிடம் அடிக்கடி அடிபடும் சொல் 'குன்ஜி யூபின்'. முகவரிப் பக்கத்தில், பெரும்பாலும் சிவப்பு மையில், நான்கு எழுத்துகளாக நிற்கும். 'குன்ஜி' என்றால் படை சார்ந்தது, 'யூபின்' என்றால் தபால். களத்திலிருந்த வீரர் தபால்தலை ஒட்டாமலே வீட்டுக்கு எழுதலாம் என்பதுதான் அந்த நான்கு எழுத்துகளின் பயன். வீட்டார் பதில் போட்டால் காசு கட்டத்தான் வேண்டும்.

1894இல் சீனாவுடன் மூண்ட போரில் இந்த ஏற்பாடு தொடங்கியது. 1904-05 ரஷ்யப் போரில் பெருகி, இரண்டாம் உலகப் போரில் பர்மா, மலாயா, பசிபிக் தீவுகள் வரை போனது.

அட்டையில் இன்னொரு முத்திரையும் இருக்கும்: 'கெனெட்சு-ஜுமி', அதாவது தணிக்கை முடிந்தது. பக்கத்திலேயே படித்துப் பார்த்த அதிகாரியின் பெயர் முத்திரை. மேலதிகாரி படிப்பார் என்று தெரிந்தே எழுதியவை இவை. அதனால் முகாம் எந்த ஊரில் என்று இருக்காது, படைப்பிரிவின் குறிப்பெயர்தான் முகவரி. நான் நலம், அங்கே அறுவடை முடிந்ததா, தம்பி படிக்கிறானா என்ற அளவில் சேதி நின்றுவிடும். இதை வைத்துக்கொண்டு வீரர்கள் கவலையில்லாமல் இருந்தார்கள் என்று முடிவுகட்டுவது சரியில்லை.

அட்டைக்கு ஜப்பானியர் சொல்வது 'ஹகாகி'. துண்டுக் குறிப்பு என்பது பழைய பொருள். இன்று 'இலை', 'எழுத்து' என்ற இரு குறிகளால் எழுதுகிறார்கள். கீறினால் எழுத்து கறுத்துத் தெரியும் இலையுடைய 'தராயோ' மரத்தோடும் இச்சொல்லை இணைப்பார்கள். பௌத்த நூல்கள் எழுதிய இந்திய ஓலையின் பெயரைத்தான் அந்த மரத்துக்கு வைத்திருக்கிறார்கள். 1997இல் அது ஜப்பானின் அஞ்சலக மரமானது.

சரி, தமிழில்? 'போர்க்கால அஞ்சலட்டை' போதாது. உறையிட்ட கடிதங்களும் குன்ஜி யூபின்தான். 'இராணுவத் தபால்' எல்லோருக்கும் புரியும், தவறில்லை. எனக்குப் பிடித்தது 'படையஞ்சல்'. அட்டையை மட்டும் சொல்ல 'படையஞ்சலட்டை'.

1945க்குப் பிறகு சோவியத் முகாம்களில் அடைபட்ட ஜப்பானியர்கள் எழுதிய அட்டைகளையும் சிலர் இதில் சேர்த்துவிடுகிறார்கள். அவை 'ஃபுர்யோ யூபின்', அதாவது போர்க்கைதிகளின் தபால். செஞ்சிலுவை, செம்பிறைச் சின்னங்களோடு, பதில் எழுத இன்னொரு பாதியும் சேர்த்து அச்சிட்டவை. ஜப்பானின் மைசுரு துறைமுக நகரின் நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கும் அட்டைகள், 2015இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறிய தொகுப்பைச் சேர்ந்தவை. அவற்றுக்குக் 'கைதியஞ்சல்' என்பதே பொருத்தம்.