பீப்பாயைப் பார்க்காத டெக்கீலா

காய்ச்சி வடித்த எந்த மதுவும் வாலை எனும் வடிகலனிலிருந்து சொட்டும்போது தண்ணீர் போலத் தெளிவாகத்தான் இருக்கும். விஸ்கியின் பொன்னிறத்தையும் பழைய ரம்மின் பழுப்பையும் கொடுப்பது மரப்பீப்பாய்தான். சில நேரம் கேரமல் சாயமும் துணைக்கு வரும். நிறத்தோடு மரம் இன்னும் சிலவற்றைத் தருகிறது: வனிலா வாசனை, லேசான துவர்ப்பு, மெருகு. வடித்தவர் செய்த தவறுகளையும் அது ஓரளவு மூடிவிடும்.

மெக்சிகோவின் டெக்கீலாவில் ‘பிளாங்கோ’ என்ற வகைக்கு அந்த வசதி இல்லை. சட்டப்படி ஓக் பீப்பாயில் இரண்டு மாதம் இருந்தால் அது ரெபொசாடோ, ஓராண்டு இருந்தால் அன்யேகோ, மூன்றாண்டு தாண்டினால் எக்ஸ்ட்ரா அன்யேகோ. பிளாங்கோ பெரும்பாலும் பீப்பாயைப் பார்ப்பதே இல்லை. ஆகவே அதில் மணக்கும் ஒவ்வொன்றும் செடி, அடுப்பு, ஈஸ்ட், வாலை இவற்றில் ஏதோ ஒன்றிலிருந்து வந்திருக்க வேண்டும். விலை கூடிய அன்யேகோவைவிட ஒரு நல்ல பிளாங்கோதான் வடிசாலையின் தரத்தைச் சொல்லும் என்பது என் கட்சி.

செடியிலிருந்து தொடங்கலாம். டெக்கீலாவுக்கு நீல அகாவே என்ற ஒரே வகைதான் அனுமதி. நம் ஊர் வேலியோரங்களில் முள்நுனியோடு நிற்கும் ஆனைக்கற்றாழை இதன் நெருங்கிய உறவு. சோற்றுக்கற்றாழை வேறு குடும்பம், குழப்பிக்கொள்ள வேண்டாம். வறண்ட நிலத்தில் பிழைக்க அகாவே ஒரு வழி வைத்திருக்கிறது: பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கிறது. இப்படி ஆண்டுக்கணக்கில் சேர்த்த உணவை, நடுவில் உருண்டு திரண்ட தண்டில் ஃபிரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலியாகப் பதுக்குகிறது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூத்துவிட்டு மடியும் செடி இது. சேமிப்பெல்லாம் அந்தப் பூங்கொம்புக்காகத்தான். விவசாயிகள் கொம்பை முளையிலேயே வெட்டிவிடுவதால் சர்க்கரை தண்டிலேயே தங்கிவிடுகிறது. பெரும்பாலும் 5 முதல் 8 ஆண்டு கழித்து, ஹிமதோர் எனப்படும் அறுவடைக்காரர் ‘கோவா’ என்ற வட்ட அலகுள்ள நீள்கம்பால் இலைகளைச் சீவி எடுக்கிறார். மிஞ்சும் தண்டு பல நேரம் 40 கிலோவைத் தாண்டும்.

இந்தத் தண்டைப் பச்சையாக அரைத்தால் பயனில்லை. ஃபிரக்டான் சங்கிலியை ஈஸ்டால் நேரடியாக உண்ண முடியாது. சூடும் சாற்றிலுள்ள இயல்பான அமிலமும் சேர்ந்து சங்கிலியை உடைத்து ஃபிரக்டோஸ் ஆக்க வேண்டும். அதற்குத்தான் அடுப்பு. பிளாங்கோவின் குணத்தில் பெரும்பகுதி இங்கேதான் தீர்மானமாகிறது.

பழைய முறையில் செங்கல் அடுப்பில் ஒன்றிரண்டு நாள் நீராவியில் வேகவைப்பார்கள். தொடக்கத்தில் வடியும் சாற்றில் இலையடி மெழுகும் கசப்பும் இருக்கும் என்பதால் அதைத் தனியே ஒதுக்கிவிடுவார்கள். அப்புறம் வருவதுதான் தேன்பாகு. இந்த நீண்ட வேக்காட்டில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து ஃபர்ஃப்யூரால் போன்ற நூற்றுக்கணக்கான மணப்பொருள்கள் உருவாகின்றன. கரும்புச்சாறு கொப்பரையில் வெல்லமாகும்போது எழும் வாசனையும் இதே வகை வேதியியல்தான். அழுத்தக் கலனில் வேகவைத்தால் பாதி நாளில் வேலை முடியும். கவனமாகச் செய்தால் அதிலும் நல்ல மது கிடைக்கும். மூன்றாவது வழி ‘டிஃப்யூசர்’. பச்சைத் தண்டைச் சிதைத்து, வெந்நீர் பாய்ச்சி ஃபிரக்டானைக் கழுவியெடுத்து, அந்தச் சாற்றை அமிலம் சேர்த்து உடைக்கும் இயந்திரம் அது. சர்க்கரை அநேகமாக வீணாகாது. ஆனால் தண்டே வேகாததால் வெந்த அகாவேயின் இனிய மணத்துக்கு அங்கே வாய்ப்புக் குறைவு. பீப்பாயில் இதை ஒப்பேற்றிவிடலாம், பிளாங்கோவில் முடியாது.

அடுத்தது ஈஸ்ட். ஃபிரக்டோஸை ஆல்கஹாலாக்கும் போக்கில் அது எஸ்டர்களையும் கனமான ஆல்கஹால்களையும் உண்டாக்குகிறது. பழவாசனை, பூவாசனை எல்லாம் இவற்றின் கைவரிசை. 1996இல் வெளியான ஓர் ஆய்வில் டெக்கீலாவை வாயுப்பிரிகைக் கருவியில் கூறுகூறாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மனித மூக்கால் முகர்ந்து பார்த்தார்கள். 175க்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. 60க்கும் மேற்பட்டவை மணத்தன. மிக வலுவான ஐந்தில் இரண்டு, ஃபீனைல் எத்தனாலும் பீட்டா டமாசினோனும், ரோஜாவிலும் இருப்பவை. பன்னீர் மணக்கக் காரணமே முதலாவதுதான். இதைவிடச் சுவையான செய்தி, அந்த ஐந்தையும் மற்ற சிலவற்றையும் கலந்து டெக்கீலா மணத்தை மறுபடி உருவாக்கப் பார்த்தபோது வரவில்லை என்பது.

வாலை வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குறைந்தது இரண்டு முறை வடிக்க வேண்டும். முதலில் வரும் ‘தலை’யில் அசிட்டால்டிஹைடு நெடி, கடைசி ‘வால்’ ஈரத்துணி போல் வீசும், இடையில் வரும் ‘இதயம்’தான் புட்டிக்குப் போகிறது. செம்பு வாலை கந்தக நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் முழுக்கத் தலையோடு போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை, அது கடைசிவரை கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் மெக்சிகோ விதி 100 மில்லி தூய ஆல்கஹாலுக்கு 300 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது.

சரி, குடிப்பவர் என்ன செய்யலாம்? முதலில் அதைக் குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள். குளிரில் மணப்பொருள்கள் அவ்வளவாக ஆவியாகாது. வாய் குறுகிய சிறு கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, மூக்கை உள்ளே திணிக்காமல், வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். முதல் மிடறு எரியத்தான் செய்யும்: மிளகாய்க் காரத்தை உணரும் உணர்வியை ஆல்கஹால் உசுப்பிவிட, உடல் சூடே அதற்குச் சுடுகிறது. அதை வைத்து மதுவை எடைபோடாமல் இரண்டாவது மிடறுக்குக் காத்திருங்கள். வெந்த அகாவேயின் இனிப்பு, மிளகு, எலுமிச்சைத் தோல், பச்சைப்புல், சில நேரம் உப்பில் ஊறிய ஆலிவ் என ஒவ்வொன்றாகத் தென்படும். டெக்கீலாவின் தாயகமான ஹலிஸ்கோ மாநிலத்தில், லோஸ் ஆல்டோஸ் மேட்டுநிலத்து மது பூவும் பழமுமாகவும், டெக்கீலா ஊரைச் சுற்றிய பள்ளத்தாக்கு மது மண்ணும் மிளகுமாகவும் இருக்கும் என்பார்கள். ஓரளவு உண்மைதான், ஆனால் அடுப்பு மாறினால் அந்த வித்தியாசம் எளிதில் அமுங்கிவிடும்.

உப்பும் எலுமிச்சையும் மோசமான மதுவுக்கான முதலுதவி. உப்பு கசப்பை அமுக்கும், புளிப்பு மிச்சத்தை மறைக்கும். ஹலிஸ்கோவில் ஆரஞ்சுச் சாறும் மிளகாயும் சேர்ந்த சங்ரீத்தாவைத் தனிக் கிளாஸில் வைத்து, மாற்றி மாற்றி உறிஞ்சுவார்கள். அது அழகான பழக்கம்.

வாங்கும்போது புட்டியில் ‘100% அகாவே’ என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதன் சர்க்கரையில் 49 விழுக்காடுவரை கரும்பு போன்ற வேறு மூலத்திலிருந்து வந்திருக்கலாம். அருகிலேயே ‘நோம்’ (NOM) என்ற எழுத்துகளோடு ஓர் எண் இருக்கும். அது பிராண்டின் எண் அல்ல, வடித்த நிறுவனத்தின் எண். வேறு வேறு பெயர், வேறு வேறு விலையில் நிற்கும் இரண்டு புட்டிகளில் ஒரே எண் இருந்தால், இரண்டும் ஒரே நிறுவனம் வடித்தவை.