எல்.சி. வந்த அன்றே படித்துவிடுங்கள்: யு.சி.பி. 600 விதிகள் என்ன சொல்கின்றன?

சரக்கை அனுப்பிவிட்டால் பணம் வந்து சேருமா என்று விற்பவருக்குக் கவலை. பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் சரக்கு வந்து சேருமா என்று வாங்குபவருக்குக் கவலை. இருவரும் வெவ்வேறு நாட்டில் இருக்கிறார்கள், பலசமயம் நேரில் பார்த்துக்கொண்டதுகூட இல்லை. இந்த இடத்தில்தான் வங்கி நடுவில் வந்து நிற்கிறது. "நான் கேட்டிருக்கும் ஆவணங்களை, கேட்டிருக்கும் விதத்தில், குறித்த தேதிக்குள் கொடுங்கள், பணத்தை நான் தருகிறேன்" என்று வாங்குபவரின் வங்கி விற்பவருக்கு எழுத்தில் வாக்குக் கொடுக்கிறது. அந்த வாக்குதான் லெட்டர் ஆஃப் கிரெடிட். தமிழில் கடன் உறுதிக் கடிதம் என்று எழுதுகிறார்கள். தொழிலில் இருப்பவர்கள் வாயில் அது எல்.சி.தான்.

எல்.சி. வந்துவிட்டால் பணம் கைக்கு வந்த மாதிரி என்று பல ஏற்றுமதியாளர்கள் நினைக்கிறார்கள். அதை ஃபைலில் வைத்துவிட்டு, கப்பல் கிளம்பிய பிறகு ஆவணம் தயாரிக்க உட்காரும்போதுதான் எடுத்துப் பார்க்கிறார்கள். அப்போது திருத்த முடியாத பிழைகள் நிறைய இருக்கும். சரக்கு நல்ல சரக்காக இருந்தும், பணம் நிற்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். அதனால் விதிகளைத் தெரிந்துகொள்வது வங்கிக்காரருக்கு மட்டும் உரிய வேலை அல்ல.

விதிப் புத்தகம் எது?

எல்.சி.க்கு உலகம் முழுவதும் பொதுவான விதித் தொகுப்பு ஒன்று இருக்கிறது. பாரிஸில் இயங்கும் சர்வதேச வர்த்தக சபை அதை முதலில் 1933இல் வெளியிட்டது. பலமுறை திருத்தப்பட்டு, இப்போது நடைமுறையில் இருப்பது யு.சி.பி. 600, 2007 ஜூலை 1 முதல் அமலில் உள்ளது. மொத்தம் 39 பிரிவுகள். இது எந்த நாட்டின் சட்டமும் அல்ல. "இந்த எல்.சி. யு.சி.பி. விதிகளுக்கு உட்பட்டது" என்று எல்.சி.யிலேயே எழுதியிருந்தால்தான் கட்டுப்படுத்தும். கிட்டத்தட்ட எல்லா வணிக எல்.சி.யிலும் அப்படி எழுதியிருக்கும்.

வாங்குபவர் தன் வங்கியில் விண்ணப்பம் கொடுத்து எல்.சி. திறக்கிறார். அந்த வங்கி, வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாக எம்.டி. 700 என்ற செய்தியாக அதை விற்பவரின் நாட்டில் இருக்கும் ஒரு வங்கிக்கு அனுப்புகிறது. அந்த வங்கி, வந்த செய்தி உண்மையானதுதானா என்று பார்த்து விற்பவரிடம் சேர்ப்பிக்கிறது. இதை அட்வைசிங் வங்கி என்பார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சேர்ப்பித்த வங்கி பணம் தருவதாக எந்த வாக்கும் கொடுக்கவில்லை. உங்கள் சொந்த வங்கியின் முத்திரையோடு எல்.சி. கையில் வந்தாலும், பணத்துக்குப் பொறுப்பு அதைத் திறந்த வெளிநாட்டு வங்கிதான். அந்த வங்கியின் மீதோ, அந்த நாட்டின் நிலைமை மீதோ நம்பிக்கை இல்லையென்றால், "கன்ஃபர்மேஷன்" கேட்கலாம். அப்போது இன்னொரு வங்கி தன் வாக்கையும் சேர்த்துக் கொடுக்கும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. போர், அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு போன்ற ஆபத்து உள்ள நாட்டிலிருந்து எல்.சி. வந்தால் அந்தக் கட்டணம் வீண்செலவு இல்லை என்பது என் கருத்து.

ஒருமுறை திறந்த எல்.சி.யை வாங்குபவர் மனம் மாறி ரத்து செய்ய முடியுமா? முடியாது. எழுதாவிட்டாலும் எல்.சி. திரும்பப் பெற முடியாததுதான் என்கிறது மூன்றாம் பிரிவு. விற்பவர், திறந்த வங்கி, கன்ஃபர்ம் செய்த வங்கி இருந்தால் அதுவும், ஒப்புக்கொண்டால் மட்டுமே மாற்றலாம்.

வங்கி பார்ப்பது காகிதம் மட்டும்

யு.சி.பி. 600இன் உயிர் நான்காம், ஐந்தாம் பிரிவுகளில் இருக்கிறது. விற்பனை ஒப்பந்தம் வேறு, எல்.சி. வேறு. வங்கிகள் ஆவணங்களோடு மட்டுமே தொடர்புடையவை, சரக்கோடு அல்ல. கன்டெய்னரைத் திறந்து பார்க்க வங்கி அதிகாரி போக மாட்டார். அவர் மேஜையில் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சரக்கு ஏறியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் பில் ஆஃப் லேடிங், காப்பீட்டுச் சான்று, உற்பத்தி நாட்டுச் சான்றிதழ் ஆகியவை இருக்கும், பக்கத்தில் எல்.சி. இருக்கும். இரண்டையும் வரிவரியாக ஒப்பிடுவார். அவ்வளவுதான்.

இது எவ்வளவு கண்டிப்பானது என்று காட்ட இங்கிலாந்தில் 1920களில் நடந்த ஒரு வழக்கை எப்போதும் சொல்வார்கள். பத்தேவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, வெனிலா காய்கள் வாங்க எல்.சி. திறக்கப்பட்டது. தரத்துக்கு "நிபுணர்கள்" சான்றிதழ் தர வேண்டும் என்பது நிபந்தனை. இந்த நிபந்தனை தந்தியில் சங்கேதச் சொல்லாகப் போனது, அதில் ஒருமையா பன்மையா என்பது தெளிவாகவில்லை. அங்கிருந்த வங்கி ஒரே ஒரு நிபுணர் தந்த சான்றிதழை ஏற்றுப் பணம் கொடுத்துவிட்டது. வந்து இறங்கிய சரக்கில் பெரும்பாலும் குச்சியும் கல்லும் பழைய இரும்பும். எல்.சி. திறந்த வங்கி வாங்குபவரிடம் பணம் கேட்டபோது, அவர் தர வேண்டியதில்லை என்றது, அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை. ஏறக்குறைய ஒத்துப்போகிற ஆவணம் போதும் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று நீதிபதி சம்னர் பிரபு எழுதினார். பன்மைக்குப் பதில் ஒருமை வந்ததற்கு வங்கி கொடுத்த விலை அது.

1943இல் இன்னொரு வழக்கு. எல்.சி.யில் "கோரமண்டல் நிலக்கடலை" என்று இருந்தது. நம் சோழமண்டலம்தான் ஐரோப்பியர் வாயில் கோரமண்டல் ஆனது. பில் ஆஃப் லேடிங்கில் "இயந்திரத்தால் தோலுரித்த நிலக்கடலைப் பருப்பு" என்றும், ஓரத்தில் "சி.ஆர்.எஸ்." என்ற குறியும் இருந்தன. கடலை வியாபாரம் தெரிந்த யாருக்கும் இரண்டும் ஒன்றே, அந்தக் குறி கோரமண்டலைத்தான் சொல்கிறது என்று விற்பவர் வாதாடினார். வங்கிக்காரருக்குக் கடலை வியாபாரம் தெரிந்திருக்கத் தேவையில்லை என்றது நீதிமன்றம். வங்கி மறுத்தது சரி என்று தீர்ப்பானது.

இன்றைய விதி இதைவிடக் கொஞ்சம் தளர்வானது. சரக்கின் விவரம் எல்.சி.யோடு ஒத்திருக்க வேண்டிய கட்டாயம் இன்வாய்ஸுக்குத்தான். மற்ற ஆவணங்களில் பொதுவான சொற்களில் இருக்கலாம், எல்.சி.க்கு முரணாக இருக்கக் கூடாது, அவ்வளவே. எழுத்துப் பிழையும் பொருளை மாற்றாதவரை குறையில்லை. ஆனால் "மாடல் 321" என்பதற்கு "மாடல் 123" என்று வந்தால் அது எழுத்துப் பிழை இல்லை, வேறு பொருள். தொலைபேசி எண் பொருந்தவில்லை என்று மறுக்க முடியாது. ஆனால் வாங்குபவரின் முகவரியும் தொடர்பு விவரமும் பில் ஆஃப் லேடிங்கில் சரக்கைப் பெறுபவரின் விவரத்தில் ஒரு பகுதியாக வந்தால், அவை எல்.சி.யில் உள்ளபடியே இருந்தாக வேண்டும்.

மோசடி நடந்தால்? 1941இல் நியூயார்க்கில் ஒரு வழக்கு: பன்றிமுடி வாங்கியவருக்கு, பெட்டிகளில் மாட்டு முடியும் குப்பையும் வந்தன, ஆவணங்கள் மட்டும் கச்சிதமாக இருந்தன. விற்பவரே செய்த மோசடி என்று குற்றச்சாட்டு இருந்ததால் நீதிமன்றம் வாங்குபவர் பக்கம் நின்றது. ஆனால் இந்த வாசல் மிகக் குறுகியது. இங்கிலாந்திலிருந்து பெருவுக்கு இயந்திரம் போன வழக்கில், கப்பலேற்றக் கடைசி நாள் 1976 டிசம்பர் 15. சரக்கு ஏறியது 16ஆம் தேதி. கப்பல் நிறுவனத்தின் சரக்கேற்றத் தரகரின் ஊழியர் ஒருவர் பில் ஆஃப் லேடிங்கில் 15 என்று எழுதிவிட்டார். விற்பவருக்கு அது தெரியாது. விற்பவர் மோசடி செய்யவில்லை, ஆகவே வங்கி பணம் தந்தே ஆக வேண்டும் என்று 1982இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. வாங்குபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். சரக்கின் தரத்துக்கு எல்.சி. காவல் நிற்காது. தரம் முக்கியமென்றால், மூன்றாம் தரப்புச் சோதனை நிறுவனத்தின் சான்றிதழையும் ஆவணப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

மூன்று தேதிகள்

விற்பவர் தலையில் எப்போதும் ஓட வேண்டியவை மூன்று தேதிகள்: கப்பலேற்றக் கடைசி நாள், ஆவணம் கொடுக்க அவகாசம், எல்.சி. காலாவதி நாள்.

ஒரு கணக்குப் போடுவோம். கப்பலேற்றக் கடைசி நாள் ஜூன் 15. எல்.சி. காலாவதி ஜூன் 30. சரக்கு ஜூன் 10இல் ஏறியது. அசல் போக்குவரத்து ஆவணம் இருந்தால், கப்பலேறிய நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்பது பொது விதி, எல்.சி.யில் வேறு அவகாசம் எழுதியிருந்தால் அதுதான் செல்லும். 21 நாள் எண்ணினால் ஜூலை 1 வருகிறது. ஆனால் ஜூன் 30க்கே எல்.சி. முடிந்துவிடுகிறது. எது முன்னால் வருகிறதோ அதுதான் உங்கள் கெடு. ஆக ஜூன் 30.

ஜூன் 30 வங்கி விடுமுறை நாளாக இருந்தால் அடுத்த வங்கி வேலை நாள் வரை நீளும். ஆனால் கப்பலேற்றக் கடைசி நாளுக்கு அந்தச் சலுகை கிடையாது. அது விடுமுறையில் விழுந்தாலும் அதே நாள்தான். போர், கலவரம், இயற்கைச் சீற்றம் போன்றவற்றால் வங்கி மூடியிருந்தால் எந்த நீட்டிப்பும் இல்லை. அந்த நாட்களில் காலாவதியான எல்.சி.க்கு வங்கி பணம் தராது. இது விற்பவருக்குக் கடுமையான விதி. எனவே கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள்.

காலாவதி "எந்த இடத்தில்" என்பதையும் பாருங்கள். எல்.சி. திறந்த வங்கியின் ஊரில் காலாவதி என்று எழுதியிருந்தால், ஆவணங்கள் கூரியரில் பயணம் செய்யும் நாட்களும் உங்கள் கணக்கில்தான் கழியும். உங்கள் ஊரிலேயே காலாவதி என்று மாற்றித் தரச் சொல்லுங்கள்.

அளவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 100 டன், 50,000 டாலர் என்று இருந்து, மூட்டை, பெட்டி, எண்ணிக்கைக் கணக்கு எதுவும் இல்லையென்றால், அளவில் 5 சதவீதம் கூடலாம், குறையலாம். 105 டன் அனுப்பலாம். ஆனால் 50,000 டாலருக்கு மேல் கேட்க முடியாது. "சுமார்" என்ற சொல் அளவுக்கு முன்னால் இருந்தால் 10 சதவீதம் வரை போகலாம். அந்தச் சொல் தொகைக்கு முன்னால் இல்லையென்றால், தொகைக்கு அந்தச் சலுகை வராது. காப்பீடு விற்பவர் எடுப்பதாக இருந்து, தொகையை எல்.சி. சொல்லவில்லையென்றால், சி.ஐ.எஃப். அல்லது சி.ஐ.பி. மதிப்பில் (சரக்கு விலையோடு காப்பீடும் போக்குவரத்துச் செலவும் சேர்ந்த மதிப்பு) குறைந்தது 110 சதவீதத்துக்கு எடுத்திருக்க வேண்டும். காப்பீட்டுச் சான்றின் தேதி கப்பலேறிய நாளுக்குப் பிந்தியிருந்தால், பாதுகாப்பு அந்த நாளிலிருந்தோ அதற்கு முன்போ தொடங்குகிறது என்று அந்தச் சான்றே சொல்ல வேண்டும்.

கையில் வாங்கியதும் எதைப் பார்ப்பது?

முதலில் ஆவணப் பட்டியல், 46ஏ என்ற பகுதி. ஒவ்வொரு ஆவணத்துக்கும் எதிரே, "இதை யார் தருவார்? எத்தனை நாளில் தருவார்?" என்று பென்சிலில் எழுதிப் பாருங்கள். எந்த வரிக்கு எதிரே வாங்குபவரின் பெயர் வருகிறதோ, அங்கே நின்றுவிடுங்கள். "வாங்குபவரின் பிரதிநிதி கையெழுத்திட்ட பரிசோதனைச் சான்றிதழ்" என்று ஒரு வரி வந்துவிட்டால், அந்தக் கையெழுத்தை அவர் போடாமல் இருந்தாலே போதும், உங்களுக்குப் பணம் வராது. வங்கியின் வாக்கு முழுவதையும் அந்த ஒரு வரி தின்றுவிடும். நட்பு, பழைய பழக்கம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, அதை நீக்கித் திருத்தம் அனுப்பச் சொல்லுங்கள். திருத்தம் வந்தால் முழுவதையும் ஏற்க வேண்டும், அல்லது முழுவதையும் மறுக்க வேண்டும். ஒரு திருத்தத்தில் பாதியை மட்டும் ஏற்க முடியாது.

வங்கி மறுத்தால்

ஆவணங்கள் கிடைத்த மறுநாளிலிருந்து வங்கிக்கு அதிகபட்சம் 5 வங்கி வேலை நாட்கள். புதன்கிழமை கொடுத்தால், சனி ஞாயிறு விடுமுறை என்று வைத்துக்கொண்டால், அடுத்த புதன் மாலைக்குள் சொல்லியாக வேண்டும். மறுப்பு ஒரே அறிவிப்பில் வர வேண்டும். ஒவ்வொரு குறையும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆவணங்களை என்ன செய்கிறோம் என்றும் சொல்ல வேண்டும். இன்று ஒரு குறை, அடுத்த வாரம் இன்னொரு குறை என்று தவணையில் சொல்ல வங்கிக்கு உரிமை இல்லை. இந்த முறையில் தவறினால், ஆவணங்கள் பொருந்தவில்லை என்று சொல்லும் உரிமையையே அது இழக்கிறது. பதினாறாம் பிரிவு விற்பவருக்குக் கொடுத்திருக்கும் வலுவான பிடி இது. மறுப்பு வந்ததும் முதலில் அது வந்த தேதியை எண்ணிப் பாருங்கள்.

மறுப்பு முறையாகவே வந்திருந்தால் இரண்டு வழி. குறையைப் பொருட்படுத்தாமல் ஏற்கச் சம்மதமா என்று வங்கி வாங்குபவரிடம் கேட்கலாம். கேட்பதும் கேட்காததும் வங்கியின் விருப்பம். அதற்காக 5 நாள் கெடு நீளாது. சரக்கின் சந்தை விலை இறங்கியிருந்தால் வாங்குபவர் இந்தச் சமயத்தில்தான் தள்ளுபடி கேட்பார். இன்னொரு வழி, குறையைத் திருத்திய ஆவணத்தை மறுபடி கொடுப்பது. அதற்கு ஆவண அவகாசமும் எல்.சி. காலமும் மிச்சம் இருக்க வேண்டும். சரக்கு ஏறிய நான்காம் நாளே ஆவணம் கொடுத்தவருக்கு, மறுப்பு வந்த பிறகும் திருத்தி எடுத்துப் போக ஒரு வாரமாவது கையில் இருக்கும்.