பைகேட்ச்: உடன்பிடிப்பா, கழசலா?

ஒரு மீனைக் குறிவைத்துப் போட்ட வலையில் கூடவே மாட்டிக்கொள்ளும் மற்ற உயிர்களுக்கு ஆங்கிலத்தில் பைகேட்ச் என்று பெயர். இறாலுக்காக இழுத்த வலையில் ஏறும் பேத்தை மீன், நண்டுக் குஞ்சு, கடல் ஆமை எல்லாம் இதில் அடங்கும். குறிவைத்த இனத்திலேயே இன்னும் வளராத குஞ்சுகள் வந்தால் அவற்றையும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்கள்.

‘பை’ என்ற முன்னொட்டுக்குப் பக்கத்தில், கூடவே என்று பொருள். ‘கேட்ச்’ லத்தீனில் பிறந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். துரத்துவதைக் குறிக்கும் ‘சேஸ்’ என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். வேட்டையாடுவது என்பது பழைய பொருள்.

தமிழில் சிலர் ‘துணைப்பிடிப்பு’ என்கிறார்கள். துணை என்றதும் ஆதரவு, உதவி என்ற எண்ணம் வந்துவிடுவதால் எனக்கு அது ஒட்டவில்லை. ‘பக்கப்பிடிப்பு’ என்றால் இடுப்பு வலி மாதிரி இருக்கிறது. கடற்கரையில் பிடிபட்ட மீனை ‘மீன்பாடு’ என்பார்கள், “மீன்பாடு எப்படி?” என்பதுதான் கரையில் முதலில் கேட்கும் கேள்வி. அதை ஒட்டி ‘உடன்பாடு’ என்று அமைக்க ஆசைதான், ஆனால் அந்தச் சொல் ஒப்பந்தத்துக்குப் போய்விட்டது. ஆகவே ‘உடன்பிடிப்பு’ என்பதே என் தேர்வு. கேட்டவுடன் புரிகிறது, தவறான பொருளும் தொனிக்கவில்லை.

சரி, மீனவர்களிடம் இதற்குச் சொல்லே இல்லையா? இருக்கிறது: கழசல். ‘கழி’ என்ற வினையிலிருந்து வந்த ‘கழிசல்’தான் இப்படி மருவியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். காசிமேட்டில் இழுவைப் படகு கரைசேர்ந்ததும் இறால், வஞ்சிரம், கணவாய் எல்லாம் தனித்தனிக் கூடைக்குப் போய்விடும். மிச்சம் ஒரே குவியலாகக் கிடக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் காரப்பொடி என்ற சிறு மீன், பேத்தை, ஓடு இன்னும் இறுகாத நண்டு, கணவாய்க் குஞ்சு, நடுநடுவே விரல் நீளத்தில் சங்கராவும் கிழங்கானும் தெரியும். காரப்பொடியைக் கருவாட்டுக்குப் பொறுக்கி எடுத்துக்கொள்வார்கள். மற்றது காய்ந்து மீன்தூளாகிக் கோழித் தீவனத்துக்கும் பண்ணை மீன்களின் தீவனத்துக்கும் போகிறது.

ஆனால் கழசலும் உடன்பிடிப்பும் ஒன்றல்ல. கரைக்கு வந்து மலிவு விலைக்குப் போகும் பகுதி மட்டுமே கழசல். கடலிலேயே திரும்பக் கொட்டுவது அதில் வராது. அப்படிக் கொட்டப்படுவது உலக அளவில் ஆண்டுக்கு சுமார் 91 லட்சம் டன் என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 2019-இல் மதிப்பிட்டது. நம் பக்கமும் ஒரு காலத்தில் இறாலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கடலில் தள்ளியவர்கள் உண்டு. பெட்டியில் இடமும் ஐஸும் மிச்சமாகும் என்பதே கணக்கு. தீவன ஆலைகள் கேட்க ஆரம்பித்ததும் அதே குவியலுக்கு விலை கிடைத்தது. என்னை உறுத்துவது இந்த இடம்தான். விலை கிடைத்த பிறகு, குஞ்சைத் தப்பவிட யாருக்கும் காரணம் இல்லாமல் போகிறது. நல்ல மீன்பாடு குறைந்த நாளில் டீசல் செலவைக் கழசல்தான் ஈடுகட்டுகிறது. படகுக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனால் அந்தச் சங்கராக் குஞ்சு வளர்ந்திருந்தால் அவருக்கே பல மடங்கு விலை கொடுத்திருக்கும், அதற்கு முன் முட்டையும் இட்டிருக்கும்.

ஆமையைக் கழசல் என்று யாரும் சொல்வதில்லை. அதற்கு உடன்பிடிப்பு என்ற சொல்தான் வேண்டும். சென்னைக் கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமை நுரையீரலால் மூச்சு விடும் உயிர். வலைக்குள் நெடுநேரம் அடைபட்டால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். 2025 ஜனவரியில் சென்னையையும் அதை ஒட்டிய கரைகளையும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. இதைத் தடுக்க வலைக்குள் பொருத்தும் சாய்ந்த கம்பிச் சட்டம் உண்டு. கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்ப அதை வடிவமைத்திருக்கிறது. இறால் கம்பிகளுக்கு நடுவே புகுந்து, வலையின் கடைசியில் உள்ள பையான மடிக்குள் போய்விடும், ஆமை கம்பியில் முட்டித் திறப்பு வழியாக வெளியேறும். அந்த வழியாக நல்ல மீனும் போய்விடுமே என்ற கவலை மீனவர்களுக்கு உண்டு, அது நியாயமானதும்கூட. ஆனால் இந்தக் கம்பிச் சட்டம் பயன்பாட்டில் இல்லை என்பதைக் காட்டித்தான் 2019-இல் அமெரிக்கா, இந்தியக் கடலில் பிடித்த இறாலை வாங்குவதை நிறுத்தியது. அந்த இழப்பும் மீனவர் தலையில்தான் விழுந்தது.

குஞ்சுகளுக்கு வழி வலைக்கண்ணில் இருக்கிறது. வழக்கமான சாய்சதுரக் கண், வலை இழுபடும்போது இறுகி மூடிக்கொள்ளும். மடியில் சதுரக் கண் வைத்தால் இழுவையிலும் திறந்தே இருக்கும், சிறுசுகள் நழுவிவிடும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யட்டும் என்பதற்காகத்தான் அது. அப்போது பிறந்த குஞ்சுகள் அடுத்தடுத்த மாதங்களில் கண் இறுகிய மடியில் ஏறிக் கழசலாகிவிட்டால், அந்த 61 நாள் வருமானத்தை மீனவர்கள் எதற்காக இழந்தார்கள்?