பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றப் பணம்: எங்கே கேட்பது, எதில் கையெழுத்துப் போடக்கூடாது

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம் வந்தால் ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஒரு கன்று நடுவார்கள், சுற்றி நின்று படம் எடுப்பார்கள், படம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். அடுத்த ஜூனில் பார்த்தால் அதே குழியில் வேறொரு கன்று. நடுவில் மன்றத்துக்கென்று வந்த பணம் என்ன ஆச்சு என்று யாராவது ஒரு அம்மா கேட்டுவிட்டால், "உங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பல ஊர்களில் இதைப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன். கேட்பது உங்கள் உரிமை, சட்டத்திலேயே இருக்கிறது.

பின்னணி கொஞ்சம் போதும். சமக்ர சிக்ஷா என்கிற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் "இளைஞர் மற்றும் சுற்றுச்சூழல் மன்றம்" என்று ஒரு தலைப்பு உண்டு. அரசுத் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை, நடுநிலைப் பள்ளிக்கு 15,000 வரை. இது போக, மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்துப் பள்ளி மானியம் தனியாக வரும்: 30 பேர் வரை 10,000, 100 பேர் வரை 25,000, 250 பேர் வரை 50,000. அந்த மானியத்தில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிகளுக்குப் போக வேண்டும் என்பது விதி.

இதில் "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். 5,000 ரூபாய் தானாக வந்து விழாது. அந்தந்த ஆண்டுக்கு ஒப்புதல் கிடைத்து, மாநிலத்திலிருந்து விடுவித்தால்தான் வரும். 2024-25இல் பி.எம். ஸ்ரீ என்கிற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று, சமக்ர சிக்ஷாவுக்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. அதனால் தலைமை ஆசிரியர் "நிதி வரலை" என்று சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம், எடுத்தவுடனே சண்டைக்குப் போக வேண்டாம். எந்த ஆண்டு வந்தது, எந்த ஆண்டு வரவில்லை, வந்த ஆண்டில் எவ்வளவு, எதற்குச் செலவானது என்று ஆண்டு வாரியாகக் கேளுங்கள். மொத்தமாகக் கேட்டால் மொத்தமாக மழுப்புவார்கள்.

அடுத்து, உங்கள் பிள்ளை படிப்பது அரசு உதவி பெறும் பள்ளியா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளம் அரசு கொடுப்பதால் அதுவும் அரசுப் பள்ளிதான் என்று நினைத்து அலைபவர்கள் நிறையப் பேர். அங்கே இந்தப் பணத்தை எதிர்பார்க்க முடியாது, பள்ளி மேலாண்மைக் குழுவும் ஆலோசனை சொல்வதோடு சரி. அரசுப் பள்ளியில் கதை வேறு. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது அந்தக் குழுவின் வேலை என்று அதே பிரிவு சொல்கிறது.

சட்டம் இப்படி இருக்க, நடப்பது என்ன? எனக்குத் தெரிந்த ஒரு ஊரில் குழுத் தலைவியான அம்மா நூறு நாள் வேலையில் மண் அள்ளிக்கொண்டிருந்தார். அங்கேயே காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார்கள். தொகை எழுதவில்லை, யாருக்குப் பணம் போகிறது என்ற இடமும் காலி. கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார். பிறகு தணிக்கையில் கேள்வி வந்தபோது, "தலைவிதானே கையெழுத்துப் போட்டிருக்காங்க" என்று பேச்சு அவர் பக்கமே திரும்பியது. ஒரு பைசா தொடாதவர், ஒரு மாதம் தூக்கமில்லாமல் கிடந்தார். தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்: காசோலையோ, பணம் அனுப்பும் படிவமோ, தீர்மானப் புத்தகமோ, எழுதாத இடம் இருக்கும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "அவசரம், இன்னைக்கே அனுப்பணும்" என்றால் இன்னும் நிதானமாகப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் இன்னொரு உறுப்பினரைப் படிக்கச் சொல்லுங்கள். போட்டதும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தலைமை ஆசிரியர் எல்லோரையும் திருடர் என்று நான் சொல்லவில்லை. ஈராசிரியர் பள்ளியில் பாடம், பதிவேடு, செயலி, காலை உணவு எல்லாம் அந்த இரண்டு பேர் தலையில்தான். பணம் நிதியாண்டு முடியும் நேரத்தில் வந்து, உடனே செலவு செய்து பயன்பாட்டுச் சான்று கொடு என்று மேலிருந்து நெருக்குவார்கள். மார்ச்சில் என்ன கன்று நடுவது? பிளக்ஸ் பேனர்தான் அடிக்க முடியும். வழி ஒன்று இருக்கிறது: என்ன வேண்டும் என்பதை முன்கூட்டியே மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக எழுதி, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். வேலி, வாளி, மண்வெட்டி, மக்கும் குப்பைக்குத் தொட்டி, காய்கறி விதை என்று பொருள் பொருளாக எழுதுங்கள். "சுற்றுச்சூழல் விழிப்புணர்வு நிகழ்ச்சி" என்று பொதுவாக எழுதினால் அது பேனராகத்தான் முடியும்.

கன்றையும் ஜூனில் நட வேண்டும் என்று கட்டாயமில்லை. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான். அப்போது நட்டால் மே விடுமுறைக்குள் கொஞ்சமாவது வேர் பிடித்திருக்கும். சுற்றுச்சுவர் இல்லாத பள்ளியில் வேலிக்கு ஏற்பாடு ஆகும் முன் நடாதீர்கள், ஆடு ஒரே நாளில் மொட்டையடித்துவிடும். கன்றை விலைக்கு வாங்கும் முன் பக்கத்தில் உள்ள வனத்துறை நாற்றங்காலில் கேட்டுப் பாருங்கள்.

இனி அலுவலக அலைச்சல். தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கிறது என்று வட்டாரக் கல்வி அலுவலரிடம் (பிஇஓ) போனால் "அது பிடிஓ ஆபீஸ்", அதாவது வட்டார வளர்ச்சி அலுவலகம், என்பார், அங்கே போனால் "ஸ்கூல் விஷயம், பிஇஓவைப் பாருங்க" என்பார்கள். இரண்டு பேருந்துக் கட்டணம், ஒரு நாள் கூலி போச்சு. ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் கட்டடம், சுற்றுச்சுவர், குழாய், தூய்மைப் பணியாளர் எல்லாம் வட்டார வளர்ச்சி அலுவலர் பக்கம். ஆசிரியர், பாடம் வட்டாரக் கல்வி அலுவலர். மன்றப் பணமும் பள்ளி மானியமும் வட்டார வள மையம், அதாவது சமக்ர சிக்ஷாவின் வட்டார அலுவலகம். எங்கே போனாலும் மனுவை இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். வாயால் சொன்னது எங்கேயும் பதிவாகாது. குழாய், சுவர் மாதிரியான வேலைகளைக் கிராம சபையில் தீர்மானமாகவும் போடுங்கள்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். "தூய்மை நிகழ்ச்சி" என்ற பெயரில் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ விடக்கூடாது. அதிலும் யார் வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள், புரியும். பணியாளர் வரவில்லை, சம்பளம் தாமதம் என்பதெல்லாம் அலுவலகம் தீர்க்க வேண்டிய பிரச்சினை. அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள்.

எதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்டாரக் கல்வி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால் 5 நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும், உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. "ஏன் செலவு செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் தர மாட்டார்கள். இன்ன ஆண்டின் வங்கிக் கணக்கு அறிக்கை, பற்றுச்சீட்டுகள், தீர்மானப் புத்தகப் பக்கங்கள் ஆகியவற்றின் நகல் என்று கேளுங்கள். 30 நாளில் வரவில்லையென்றால் அதற்கடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தபால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள், மேல்முறையீட்டில் முதலில் கேட்பது அதைத்தான்.