பண்புக்கூறு அன்று, உரியோர் குறிப்பு

இணைய வரைபடங்களை வலைச்செயலிகளில் உட்பொதிப்பது பற்றிய தமிழாக்கங்களில், ஆக்கம் யாருடையது என்று அறிவிப்பதைக் குறிக்கும் ‘அட்ரிபியூஷன்’ என்னும் ஆங்கிலச் சொல் வரும் இடமெல்லாம் ‘பண்புக்கூறு’ என்று எழுதும் வழக்கம் பரவி வருகிறது. ‘வரைபடத்தை உட்பொதிக்கப் பண்புக்கூறு தேவை’, ‘பண்புக்கூறை நீக்குதல் உரிம மீறலாகும்’ என்றெல்லாம் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. ஏதோ ஒரு பக்கத்தில் நேர்ந்த கைத்தவறு என்றால் கடந்துவிடலாம். உரிமத்தின் கட்டளையையே வேறொன்றாக மாற்றிவிடும் இச்சொல்லை அவ்வாறு கடக்க முடியவில்லை.

சொல்லின் பிறப்பு எளிது. ஒருவருக்கு உரியதை அவருக்கென்று ஒதுக்கித் தருதல் என்னும் பொருளுடைய ‘அட்ரிபுவேரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தவையே ‘அட்ரிபியூட்’, ‘அட்ரிபியூஷன்’ இரண்டும். பங்களிப்பதைக் குறிக்கும் ‘கான்ட்ரிபியூட்’ என்பதும் இதே வேரினதே. ஒரு பொருளுக்கு உரியதாகச் சொல்லப்படும் தன்மை முன்னது. ஆக்கம் இன்னாருடையது என்று அறிவிக்கும் செயல் பின்னது. வேர் ஒன்றென்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது.

முன்னதற்குப் ‘பண்புக்கூறு’ என்பது நல்ல தமிழ். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அச்சொல் வரைபடத் துறையில் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது என்பதுதான் சிக்கல். புவித்தகவல் தரவில் ஒரு சாலையைக் கோடாக வரைந்தால், அதன் பெயர், அகலம், ஒருவழிப் பாதையா இல்லையா என்னும் விவரங்கள் அனைத்தும் அக்கோட்டின் பண்புக்கூறுகள். வலைப்பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் மொழியிலும், வரைபடத்தை ஐஃபிரேம் என்னும் சட்டகத்தின் வழியாக உட்பொதிக்கும்போது தரப்படும் அகலமும் உயரமும் முகவரியும் பண்புக்கூறுகளே. இந்நிலையில் ‘பண்புக்கூறை நீக்கக் கூடாது’ என்ற எச்சரிக்கையைக் காணும் நிரலர் என்ன புரிந்துகொள்வார்? சாலைப் பெயர்களை அழிக்கக் கூடாது போலும் என்றோ, ஐஃபிரேமின் அகலத்தை எடுத்துவிடக் கூடாது போலும் என்றோ எண்ணுவார். அவற்றையெல்லாம் கவனமாகக் காத்துவிட்டு, வரைபடத்தின் மூலையில் தரவு யாருடையது என்று சிறிய எழுத்தில் சொல்லி நிற்கும் வரியை, வடிவமைப்புக்கு இடைஞ்சல் என்று மறைத்துவிடுவார். காக்க வேண்டியது அந்த வரி மட்டுமே.

வலைப்பக்கத்தில் வரைபடம் காட்ட உதவும் ஆயத்த நிரல்தொகுப்பான லீஃப்லெட் என்னும் நிரலகத்தை எடுத்துக்கொண்டால் இக்குழப்பத்தை அருகிலிருந்தே பார்க்கலாம். அதில் வரைபட ஓடுகளை (வரைபடத்தைச் சேர்த்துக் காட்டும் சதுரப் படத்துண்டுகளை) அழைக்கும்போது, ‘அட்ரிபியூஷன்’ என்ற பெயருள்ள விருப்பத் தேர்வில், தரவுக்கு உரியவரைக் காட்டவேண்டிய வரியை நிரலர்தாம் எழுதித் தரவேண்டும். தராவிட்டால் மூலையில் நிரலகத்தின் பெயர் மட்டுமே தெரியும். அதன் உரிமமோ அப்பெயரைத் திரையில் காட்டுமாறு கட்டாயப்படுத்துவதில்லை. ஆகவே கட்டாயமில்லாதது தெரிய, கட்டாயமானது காணாமற்போகிறது. மூலையில் ஏதோ எழுதியிருக்கிறதே என்று நிரலரும் நிறைவடைகிறார். ‘பண்புக்கூறு: விருப்பத்திற்குரியது’ என்று மொழிபெயர்த்த விளக்கக் குறிப்பு அவருக்கு எவ்வகையிலும் உதவவில்லை. நிரலகத்தைப் பொறுத்தவரை விருப்பத்திற்குரியது, தரவின் உரிமத்தைப் பொறுத்தவரை கடமையானது என்னும் வேறுபாட்டை அந்தச் சொல்லிலிருந்து எவர்தாம் உணர முடியும்?

இப்பிழை பிறக்கும் வழியை ஊகிப்பதும் கடினமன்று. மொழிபெயர்ப்பாளரின் முன் தொடர்கள் துண்டு துண்டாக வந்து விழுகின்றன. எந்தத் திரையில், எந்தப் பொத்தானுக்கு அடியில் அச்சொல் நிற்கிறது என்பது அவருக்குக் காட்டப்படுவதில்லை. சொற்பட்டியலில் ‘அட்ரிபியூட்’ இருக்கிறது, ‘அட்ரிபியூஷன்’ இல்லை. அருகில் இருப்பதை எடுத்து ஒட்டிவிடுகிறார். ஒருவர் ஒட்டியதை மொழிபெயர்ப்பு நினைவகம் அடுத்தவருக்குப் பரிந்துரைக்கிறது. மூன்றாமவர் வரும்போது அது ‘நிலைபெற்ற வழக்கு’ என்னும் மதிப்பையும் பெற்றுவிடுகிறது. பிறமொழி ஒலி கலந்துவிடக் கூடாது என்பதில் காட்டும் விழிப்பில் கால் பங்கையேனும் பொருள் மாறிவிடக் கூடாது என்பதில் காட்டினால், ‘அட்ரிபியூஷன்’ என்று அப்படியே எழுதியவரைப் பழிக்கும் முன் ஒரு கணம் தயங்குவோம். தூய தமிழில் தவறாகச் சொல்வதைவிட அது மேல் என்பேன்.

இன்னொரு போட்டிச் சொல் ‘நன்றி’. ‘நன்றி கூறல்’, ‘நன்றியறிவிப்பு’ என்று எழுதுவோர் பொருளை ஓரளவு நெருங்கிவிட்டனர் என்பதை மறுக்க இயலாது. ஆயினும் நன்றி என்பது சொல்பவரின் பண்பைப் பொறுத்தது. மறந்தால் மனக்குறை மட்டுமே மிஞ்சும். இங்கே இருப்பதோ நிபந்தனை. தன்னார்வலர்கள் கூடி உருவாக்கும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2012-ஆம் ஆண்டில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை விட்டுத் திறந்த தரவுத்தள உரிமத்திற்கு மாறியது. தரவிலிருந்து உருவாக்கிய படத்தைப் பொதுவில் பயன்படுத்துபவர், அப்படத்தின் உள்ளடக்கம் இன்ன தரவுத்தளத்திலிருந்து பெறப்பட்டது, அது இன்ன உரிமத்தின்கீழ்க் கிடைக்கிறது என்று காண்போர் அறியுமாறு குறிப்புத் தரவேண்டும் என அவ்வுரிமம் கோருகிறது. நிபந்தனையை மீறினால் உரிமம் தானாகவே முடிவுக்கு வருகிறது. கூகுள் மேப்ஸ் போன்ற வணிகச் சேவைகளின் விதிமுறைகளும், தம் சின்னத்தையும் தரவு தந்தோர் வரியையும் அழிக்கவோ மறைக்கவோ மாற்றவோ கூடாதென்று தடுக்கின்றன. இவற்றில் எங்கும் நன்றிக்கு வேலை இல்லை. நன்றி என்று எழுதிவிட்டால், ‘எங்களைப் பற்றி’ என்னும் பக்கத்தின் கடைக்கோடியில் மொத்தமாகச் சொல்லிவிடலாமே என்ற எண்ணம் இயல்பாகவே எழும். குறிப்பு நிற்கவேண்டிய இடமோ படத்தின்மேல், அல்லது படத்தை ஒட்டி.

‘மேற்கோள்’ பிறர் கூற்றை எடுத்தாள்வது, ஆகவே பொருந்தாது. ‘மூலம் சுட்டல்’ சற்றுப் பரவாயில்லை. வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. மூலம் என்பது தரவு வந்த இடத்தைக் காட்டுமேயன்றி, அதற்கு உரியவர்களைக் காட்டாது என்பதற்காகவே தள்ளுகிறேன். (நோயின் பெயராகவும் அது வழங்குவதைச் சொல்லி நகைப்போர் உண்டு, அதை நான் வாதமாகக் கொள்ளவில்லை.)

என் பரிந்துரை இரு சொற்கள். செயலைக் குறிக்க ‘உரியோர் சுட்டல்’. திரையில் நிற்கும் வரியைக் குறிக்க ‘உரியோர் குறிப்பு’. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டுக்கும் நிற்பதால் நாமும் ஒன்றிலேயே அடைக்க வேண்டியதில்லை. ‘உரிமையாளர்’ என்னாமல் ‘உரியோர்’ என்பதற்கும் காரணம் உண்டு: பதிப்புரிமை கைமாறக்கூடும், பலரிடம் சிதறியும் இருக்கக்கூடும், ஆக்கத்திற்கு உரியவர் என்ற நிலை அதனினும் விரிந்தது. கருத்தும் நமக்குப் புதிதன்று. சிறப்புப் பாயிரத்தில் சொல்லவேண்டியவற்றை அடுக்கும் நன்னூல், ‘ஆக்கியோன் பெயரே வழியே எல்லை’ என்று தொடங்குகிறது. இயற்றியவர் யார், நூல் எதன் வழியில் வந்தது என்னும் இரண்டும் எல்லாவற்றிற்கும் முன்னே வைக்கப்பட்டுள்ளன. வரைபடத்தின் மூலையில் உரிமங்கள் கேட்பதும் ஏறத்தாழ இவ்விரண்டையே.

‘உரியோர்’ பன்மை என்பது இன்னொரு வசதி. உட்பொதித்த வரைபடம் ஒன்றில் தரவு ஒருவருடையது, அதைப் படமாக்கிய பாணி இன்னொருவருடையது, ஓடுகளை வழங்கும் சேவையகம் மூன்றாமவருடையது என்றிருப்பது வழக்கம். ஒவ்வொருவரின் நிபந்தனையும் வேறு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவைப் பெயர் சுட்டி எவரும் பயன்படுத்தலாம். ஆனால் நன்கொடையில் இயங்கும் அதன் ஓட்டுச் சேவையகத்திலிருந்து மொத்தமாகப் பதிவிறக்கவோ பெருஞ்சுமை ஏற்றவோ தடை உண்டு. உரியோர் குறிப்பைச் சரியாக இட்டவருக்கும் அந்தத் தடை பொருந்தும். ‘பண்புக்கூறு சேர்த்தாயிற்று, இனி எப்படியும் பயன்படுத்தலாம்’ என்று நினைத்து, பிறகு ஓடுகள் வராமல் வெற்றுக் கட்டங்களைக் காண்போர் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணியவர்களே. இவ்விளக்கங்களைத் தமிழாக்குவோர், மூலையில் நிற்கும் வரிக்கு ‘உரியோர் குறிப்பு’ என்றும், சேவையகத்தின் கட்டுப்பாட்டுக்குப் ‘பயன்பாட்டு விதி’ என்றும் தனித்தனியே எழுதுவார்களாக. சாலையின் பெயரும் அகலமும் பண்புக்கூறாகவே இருக்கட்டும்.