அருங்காட்சியகத்தில் மாற்றுத்திறனாளிக்குள்ள சட்ட உரிமை

பண்பாட்டுக்கும் பொழுதுபோக்குக்குமாகப் பொதுமக்கள் வந்துபோகும் கட்டடம் அரசுடையதாயினும் தனியாருடையதாயினும், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 அதைப் பொதுக் கட்டடமாகவே கருதுகிறது. ஆகவே அருங்காட்சியகத்தை நடத்துபவர் யார் என்பதைக் காட்டி மாற்றுத்திறனாளிகள் அணுகும்படி அதை அமைக்கும் கடமையிலிருந்து எவரும் விலகிக்கொள்ள முடியாது. சட்டத்தின் விதிகள் வெளிவந்ததிலிருந்து ஐந்தாண்டுக்குள் பழைய கட்டடங்களை மாற்றியமைக்க வேண்டும் என்கிறது 45ஆம் பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வெளிவந்ததால் அந்தக் கெடு 2022இல் முடிந்தது. புதுக் கட்டடத்தின் வரைபடம் அணுகல் விதிகளுக்கு ஒத்துவராவிட்டால் 44ஆம் பிரிவின்படி கட்ட அனுமதியே கிடைக்காது.

வாசலில் சாய்தளம் அமைத்ததோடு கடமை தீர்ந்தது என்று கருதும் நிர்வாகங்கள் உண்டு. அந்தச் சாய்தளத்துக்கே ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும்; இருவர் பின்னால் நின்று தள்ளினால்தான் சக்கர நாற்காலி ஏறும் என்றால் அது வசதி ஆகாது, உபகாரம். மேலும், கலையை அனைவரும் அணுகச் செய்வதையும் 29ஆம் பிரிவு அரசின் பொறுப்பாகச் சொல்வதால், உள்ளே இருக்கும் பொருளும் பார்வையாளரைச் சென்றடைய வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண்மட்டம் சுமார் நான்கடி; அதற்கு மேல் வைத்த காட்சிப்பேழையில் அவருக்குத் தெரிவது கண்ணாடியின் பளபளப்பு மட்டுமே. பார்வையற்றவருக்குத் தொட்டுணரும் நகலும் பிரெய்லி விளக்கமும், காது கேளாதவருக்குச் சைகைமொழிக் காணொளியும் தேவை. டெல்லி தேசிய அருங்காட்சியகத்தின் ‘அனுபவ்’ கூடத்தில் சிற்பங்களின் நகல்களைத் தொட்டே அறியலாம்.

தொன்மையான கட்டடத்தில் சுவரை இடிக்க இயலாது என்பது உண்மைதான். அங்கே கழற்றி மாட்டும் சாய்தளமும், உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் மேசைகளும், பசையால் ஒட்டாமல் திருகாணியால் இணைத்த பீடங்களும் கைகொடுக்கும்; கட்டடமும் சிதையாது, அடுத்த கண்காட்சிக்கும் அதே பீடங்கள் பயன்படும்.

அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்துக்கு முரண் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறி, கட்டாயத் தரங்களை வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. வசதி மறுக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். எந்தக் கூடத்தில் எது தடையாக இருந்தது என்பதைத் தேதியுடனும் படத்துடனும் எழுதினால் விசாரணை எளிதாகும். ஆணையரின் பரிந்துரையைப் பெற்ற அமைப்பு, தான் எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.