மழை இல்லாமலே புங்கை துளிர்ப்பது எப்படி?

"மாசியில் எங்கள் தெருப் புங்கை மொட்டையாக நின்றது. அப்புறம் மழையும் இல்லை, யாரும் தண்ணீர் ஊற்றவும் இல்லை. பங்குனியில் மரம் முழுக்கத் தளிர். தண்ணீர் எங்கிருந்து வந்தது?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். குயில் கூவத் தொடங்கும் நாட்களில் எனக்கும் ஆண்டுதோறும் எழும் கேள்விதான் இது.

இலைத்துளைகள் வழியாக நீர் ஆவியாகிறது, அந்த இழுப்பில் வேரிலிருந்து நீர் மேலேறுகிறது. இது பள்ளியில் படித்ததுதான். வறண்ட காலத்தில் மரம் இலையை உதிர்ப்பதும் புரிகிறது. ஆனால் வெயில் ஏறும்போது புது இலை விடுவானேன்?

இலை கொட்டிய பிறகு மரத்துக்குள் நடப்பதை நினைத்தால் எனக்கு அலுப்பதே இல்லை. முதிர்ந்த இலை வாஷர் தேய்ந்த குழாய் மாதிரி. துளைகளைச் சரியாக மூட முடியாமல் நீரை ஒழுகவிடும். வேர் எடுப்பதெல்லாம் அப்படியே போய்விடுவதால் தண்டும் கிளையும் வற்றுகின்றன. இலைகள் உதிர்ந்ததும் செலவு நின்றுவிடுகிறது. மேல்மண் காய்ந்தாலும் ஆழத்து வேரைச் சுற்றி ஈரம் இருக்கும். அது சிறிது சிறிதாக மேலேறித் தண்டை நிரப்புகிறது. அடிமரம் மயிரிழை அளவு பருக்கக்கூடச் செய்கிறது. இடுப்புப் பட்டைபோல் மரத்தைச் சுற்றிக் கட்டும் கருவியால் அதை அளக்கலாம். நீர் கிளை நுனியை எட்டினால் மொட்டு விம்மி உடைகிறது. ஆக, புதுத் தண்ணீர் எதுவும் வரவில்லை. வீணாகிக்கொண்டிருந்தது மிச்சமானது, அவ்வளவுதான். ஆழ வேரில்லாத மரங்கள் மழைக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

சரி, நேரம் எப்படித் தெரிகிறது? சென்னையில் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். இருந்தும் வெப்பமண்டல மரங்கள் பல, பகல் நீள்வதையே அடையாளமாகக் கொள்கின்றன என்று தாய்லாந்துக் காடுகளில் செய்த ஆய்வொன்று 2006-ல் வாதிட்டது.

மழைக்கு முன்பே துளிர்க்கும் இந்த அவசரத்துக்கும் காரணம் உண்டு. உதிர்ந்த புங்க இலை ஒன்றை எடுத்துப் பாருங்கள்: புழு குடைந்த வெளிறிய திட்டுகள், சிலந்திப்பேன் உண்டாக்கிய விரல் போன்ற முடிச்சுகள். புதுத் தளிரோ செம்பு மினுங்க, வடுவில்லாமல் இருக்கும். முதுமலைக் காட்டில் ஆய்வாளர்கள் கே. எஸ். முரளியும் ஆர். சுகுமாரும் இலைச் சேதத்தைக் கவனித்து 1993-ல் எழுதினார்கள். மழையோடு இலைதின்னும் பூச்சிகள் பெருகுகின்றன. அதற்கு முன்பே துளிர்த்த மரங்களுக்குச் சேதம் குறைவு. பூச்சிப் படை வருவதற்குள் இலை முற்றிவிடுகிறது.

இப்படி ஒரே மரங்களை மாதாமாதம், ஆண்டுக்கணக்கில் போய்ப் பார்க்கும் வேலைக்குப் பணம் ஒதுக்க நம்மிடம் ஆளில்லை என்பது என் ஆற்றாமை. செயற்கைக்கோளுக்குக் கொடுக்கும் மரியாதையை, நோட்டும் பென்சிலுமாகக் காட்டில் நடப்பவருக்கும் கொடுக்க வேண்டும். மேகம் இல்லாத நாளில் செயற்கைக்கோளுக்குப் பச்சை தெரியும். முடிச்சு விழுந்த இலை தெரியாது.

நான் முன்பு குடியிருந்த தெருவில், பட்டுப்போனது என்று சொல்லி மாசியில் ஒரு புங்கையை வெட்டிவிட்டார்கள். வெட்டுவாய் ஈரமாக இருந்தது. உங்கள் தெருவில் யாராவது அரிவாளோடு வந்தால், முதலில் ஒரு சிறு கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிக் காட்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் மரம் உயிரோடுதான் இருக்கிறது. சில வாரம் பொறுக்கச் சொல்லுங்கள்.